ஐந்தரைக்குள் வீடு சேர்க்கும் வண்டி

வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்னபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்து அவர் சொன்னதற்குத்தான் வந்தது. "ஒண்ணு விரதத்த விடுங்க, இல்ல வேலைய விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டு மாத்திரையில் ஒன்றை நிறுத்தச் சொல்கிற மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொன்னார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் வர்த்தமான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் எதிர்மாறாகச் சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

விரதம் இதுதான். நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. எல்லோரும் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். வர்த்தமான் ராத்திரி எட்டு மணிக்கு மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு இருக்குதா?" என்று கேட்கிற ஆள். நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பருத்திக்குன்றம் கோயிலில் நின்று, யாரும் சொல்லாமலே, நானாக எடுத்துக்கொண்டேன். எடுத்தது நான். விடுவதென்றாலும் நான்தான் விடவேண்டும். கம்பெனி பஸ் வந்து விடச் சொல்லக் கூடாது.

ஆமாம், எல்லாம் அந்தப் பஸ்ஸால் வந்த வினை. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர் கண்ணுக்குத் தப்பிய கீறலைக் கண்டுபிடித்து, "இது ஆகாது" என்று தள்ளுவது என் வேலை. பத்தொன்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். நாலரைக்கு வேலை முடியும். நாலு நாற்பதுக்குப் பஸ் கிளம்பிவிடும். நேராக வந்தால் செவிலிமேட்டில் இருக்கிற என் வீட்டுக்கு ஐம்பது நிமிஷம். ஆனால் அது நாற்பது பேரையும் அவரவர் தெருமுனையில் இறக்கிவிட்டு, ஊரெல்லாம் சுற்றி ஆறு இருபதுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும், அடித்துப் பிடித்து இரண்டு கவளம் சாப்பிட்டுவிடுவேன். ஐப்பசி பிறந்துவிட்டால் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். அப்புறம் மறுநாள் காலை வரை பட்டினி.

டப்பாவில் கட்டிக்கொண்டு போய் பஸ்ஸிலேயே சாப்பிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். ஓடுகிற பஸ்ஸில் சாப்பிட்டால் எனக்குக் குமட்டும். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி, மூன்றாம் நாள் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஸ்கூட்டரில் போகலாமென்றால் அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் போய்விட்டு உயிரோடு வருவதே பெரிய பாடு.

டாக்டர் வீட்டிலிருந்து வரும் வழியில் வர்த்தமான் மெதுவாக ஆரம்பித்தார். "மாலா, எட்டு வருஷம் இருந்துட்ட. போதும்மா. சாமி ஒண்ணும் சொல்லாது."

"ரெண்டுத்தயும் விட மாட்டேன். கார் வாங்கப் போறேன்."

அவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை தலையை ஆட்டவில்லை.

*

எனக்கு வேண்டிய வண்டி எது என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. போகவர தினம் எண்பது கிலோமீட்டர். அதற்கு டீசல்தான் கட்டுப்படியாகும். சின்ன டீசல் கார் இப்போது புதிதாக அநேகமாகக் கிடைப்பதில்லை, ஆகவே பழசு. பாட்டு கேட்கத் திரை வேண்டாம், பளபளவென்ற சக்கரம் வேண்டாம். நாலு நாற்பதுக்குச் சாவியைத் திருப்பினால் கிளம்பவேண்டும், ஐந்தரைக்கு என்னை வீட்டில் கொண்டுவந்து விடவேண்டும். அது ஒரு நாள் முரண்டு பிடித்தால் அன்றைக்கு நான் பட்டினி. வாரத்துக்கு இரண்டு நாள் முரண்டு பிடித்தால் டாக்டர் சொன்னதுதான் நடக்கும். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரு வண்டிக்குத்தான் போதும். தப்பான வண்டியை வாங்கிவிட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது.

வர்த்தமான் முதலில் கூட்டிக்கொண்டு போனது அர்ஹந்திடம். அவருக்குச் சித்தப்பா மகன் முறை. பொன்னேரிக்கரைப் பக்கம் பழைய கார் வாங்கி விற்கிறான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பேச்சில் தேன்.

"அண்ணி, ஒங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஒரு சிவப்புக் காரைக் காட்டினான். எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லமாட்டேன். செய்த கம்பெனியின் மேல் ஒரு தப்பும் இல்லை.

நான் கதவைக்கூடத் திறக்கவில்லை. பானட்டின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. காலை எட்டு மணி, நிழலில் நிற்கிற வண்டி.

"பேட்டரி எறங்கிடும்னு காலைல கொஞ்ச நேரம் ஓட வெச்சேன் அண்ணி."

சூடான டீசல் வண்டி யார் திருப்பினாலும் கிளம்பும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி மறுநாள் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும். அது போகட்டும் என்று உள்ளே எட்டிப் பார்த்தேன். மீட்டர் ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்றது. கிளட்ச் மிதியின் ரப்பரோ வரி எல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. ஐம்பத்தெட்டாயிரத்துக்கு அப்படித் தேயாது.

"நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்கு வரேன். அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்று கையை நீட்டினேன்.

அர்ஹந்தின் தேன் கொஞ்சம் வற்றியது. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வானத்தைப் பார்த்தார். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வர்த்தமான் குதித்தார். "நம்ம ஆளு மாலா! ஊரே சிரிக்கும். நம்மவன் நம்மகிட்ட பொய் சொல்லுவானா?"

"பொய் சொல்லாம இருக்கிறதும் ஒரு விரதந்தான். அத அவன் எடுத்திருக்கானான்னு கேட்டீங்களா?"

அவர் தோசை இருக்கிறதா என்று அடுப்படிக்குள் பார்க்கப் போய்விட்டார்.

*

இரண்டாவது வண்டி அந்தோணி சொன்னது. அந்தோணி எங்கள் செவிலிமேட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். தென்னேரியில் இந்திராணி என்று ஒரு நர்ஸ் தன் வண்டியைக் கொடுக்கப் போகிறார் என்றான். ஒன்பது வருஷமாக அதை ஓட்டி உத்திரமேரூர்ப் பக்கம் வேலைக்குப் போய்வந்தவர். இப்போது நடந்து போகிற தூரத்திலேயே மாற்றல் கிடைத்துவிட்டதால் வண்டி சும்மா நிற்கிறது.

"அக்கா, எத்தினி வண்டி பாத்தாலும் ஒண்ணு மட்டும் பாக்காம எடுக்காத" என்று அவனே எனக்குப் பாடமும் எடுத்தான். "டீசல் பம்ப் உள்ள தேய ஆரம்பிச்சா இரும்புத் தூள் டீசல்ல கலக்கும். டேங்குக்குத் திரும்பி வந்து ஃபில்டர் அடியில போயி ஒக்காந்துக்கும். அப்புறம் இன்ஜெக்டர் நாலும் காலி. வண்டி நடு ரோட்ல நிக்கும். ஃபில்டர் அடியில ஸ்க்ரூ இருக்குது, தொறந்து பாட்டில்ல புடிச்சி வெளிச்சத்துல பாப்பேன்."

"பாட்டில்ல என்ன தெரியும்? துணியில வடிகட்டணும்" என்றேன் நான்.

இது எங்கள் வீட்டுப் பழக்கம். வடிகட்டாத தண்ணீர் எங்கள் அடுப்படிக்குள் வராது. வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி ஊற்றுவோம். தெளிந்த தண்ணீர் என்று நாம் நினைப்போம், துணியைப் பார்த்தால் என்னென்னவோ இருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து, கண்ணைவிட எனக்குத் துணியின்மேல் நம்பிக்கை அதிகம்.

தண்ணீர் வடிகட்டுகிற துணியில் டீசலை ஊற்ற முடியுமா? பீரோவைக் குடைந்தேன். வர்த்தமானின் கல்யாண வேட்டி கிடைத்தது. நல்ல அடர்த்தியான பருத்தி, வெள்ளை, அகலமான சரிகைக் கரை. இருபத்திரண்டு வருஷத்தில் கரை அங்கங்கே கறுத்துப் போயிருந்தது, வேட்டியும் அவர் இடுப்புக்கு எட்டுகிற நிலைமையில் இல்லை. கரையைக் கத்தரித்து எறிந்தேன். துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு உதறு உதறி, இரண்டிரண்டாக மடித்து, மாதிரிகள் போட வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, கம்பெனியில் செய்வதுபோல ஒன்று இரண்டு என்று எண் எழுதினேன். எனக்கே என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் ஸ்கூட்டரிலும் அந்தோணி பைக்கிலுமாகத் தென்னேரி போய்ச் சேர்ந்தோம். ஏரி நிரம்பிக் கிடந்தது. கரையோரத் தெருவில் நாலாவது வீடு. வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிய சாம்பல் நிறக் கார். இந்திராணி அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தலைமுடியை முடிந்துகொண்டே வந்தார்.

"மூணு நாளா எடுக்கலம்மா. தொட்டுப் பாத்துக்கோங்க" என்றார், நான் கையை வைப்பதற்கு முன்னாலேயே.

பானட் பனியில் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. பின்னால் ஒரு புகை, அவ்வளவுதான், பிறகு சீராக ஓட ஆரம்பித்துவிட்டது. கிளட்ச் மெத்தென்று இருந்தது. ஏரிக்கரை மேட்டில் ஏற்றினேன், இறக்கினேன், மேட்டிலேயே நிறுத்தி மறுபடி எடுத்தேன். முனகவில்லை.

அந்த அம்மா ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டை போடுவார்களே, அதே மாதிரி. வண்டிக்கு என்றைக்கு ஆயில் மாற்றியது, என்றைக்கு ஃபில்டர், அடுத்தது எந்தத் தேதி, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஒரு தேதிகூடத் தவறவில்லை.

"அக்கா, கண்ண மூடிக்கினு எடுத்துக்கோ" என்றான் அந்தோணி.

எனக்கும் மனசு வண்டியில் உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அந்தோணி ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் திறந்து அரை டம்ளர் டீசலைப் பிடித்தான். நான் முதல் எண் போட்ட துணியைக் கிண்ணத்தின்மேல் விரித்து ஊற்றினேன். டீசல் இறங்கியது. துணியை விரித்து வெயிலில் பிடித்தேன்.

மின்னியது. ஒன்றல்ல இரண்டல்ல, பொடிப்பொடியாக இருபது முப்பது இடத்தில் மின்னியது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஏமாந்துபோக இருந்தோமே என்ற கோபம் ஒரு பக்கம், கையில் கிடைத்த வண்டி போகிறதே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். "இது என்ன?" என்று துணியை அந்த அம்மா முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"எனக்குத் தெரியலியேம்மா. டீசல் போடுவேன், ஓட்டுவேன்."

"ஒம்போது வருஷம் ஓட்டினவங்களுக்குத் தெரியாதா? பம்ப் போன வண்டியக் கழுவித் தொடச்சி, அட்டை வேற எழுதி வெச்சி, என் தலையில கட்டப் பாக்கறீங்க!"

குரல் உயர்ந்துவிட்டது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் ஆட்டை அவிழ்த்தபடி அப்படியே நின்றார். இந்திராணி அம்மா சண்டைக்கு வரவில்லை. என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டார்.

"முப்பது வருஷமா ஊசி போடறேன். தேதி முடிஞ்ச மருந்த இதுவரைக்கும் ஒரு கொழந்தைக்குப் போட்டது கெடையாது. இந்தத் தெருவுல யார வேணும்னாலும் கேளுங்க" என்றார். பிறகு, "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாயை எடுத்து வண்டியை மூட ஆரம்பித்தார்.

வழியில் அந்தோணி பைக்கை என் பக்கமாகக் கொண்டுவந்தான். "அக்கா, இன்ஜின் சத்தம் அப்பிடி சொல்லலக்கா."

"துணி சொல்லுதுபா" என்றேன். பைக்கைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

*

ஒன்பது மணிக்கு அர்ஹந்தின் இடத்தில் இருந்தோம். வர்த்தமானும் வந்து சேர்ந்திருந்தார். என் பையிலிருந்த சாவியைப் போட்டுத் திருப்பினேன். சிவப்பு வண்டி இருமியது, நின்றது. மறுபடி இருமியது. நாலாவது திருப்பலில் வெள்ளைப் புகையை ஊதிக்கொண்டு கிளம்பியது.

"குளுருக்கு அப்பிடித்தான் அண்ணி" என்றான் அர்ஹந்த்.

காஞ்சிபுரத்துக் குளிர்! இரண்டாம் எண் துணியில் டீசலை ஊற்றினேன். அதுவும் மின்னியது. துணியை உறையில் போட்டு மூடிவிட்டு, சாவியை அவன் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தோணி கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபோது முதல்முறையாக எனக்குப் பயம் வந்தது. இரண்டு வண்டியும் போயிற்று. நாளை திங்கட்கிழமை, மறுபடி அதே பஸ். வர்த்தமான் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். விரதத்தை விட்டுவிடு என்று இன்னொரு முறை சொன்னால் சரி என்று சொல்லிவிடுவேனோ என்றுகூடத் தோன்றியது.

அந்தோணிதான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "ஒரே நாள்ல ரெண்டு வண்டியிலயும் பம்ப் போயிருக்குமா? எனக்கு ஒதைக்குதுக்கா. இந்தா, இந்த லோடு வண்டிக்கு நான்தான் போன வாரம் புது பம்ப் போட்டேன். டேங்க் கழுவி, ஃபில்டர் புதுசு மாட்டினேன். இதுல பாரு."

மூன்றாம் எண் துணி. ஊற்றினான். விரித்தான். மின்னியது.

அந்தோணி உள்ளே போய்ப் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தான். லோடு வண்டித் துணியின் அடியில் காந்தத்தை வைத்து இழுத்தான். மின்னியது எதுவும் அசையவில்லை. இந்திராணி அம்மாவின் துணிக்கு அடியில் இழுத்தான். ஒன்றுகூட அசையவில்லை. அர்ஹந்தின் துணிக்கு அடியில் இழுத்தபோது மின்னுகிறவை எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்க, அவற்றுக்கு நடுவே நான் கவனிக்காத மங்கலான கறுப்புத் தூள் ஒன்று மயிர் சிலிர்ப்பதுபோல எழுந்து நின்று காந்தத்தோடு நகர்ந்தது.

"இரும்பு இதுல மட்டுந்தான் இருக்குது" என்றான் அந்தோணி. "மின்னுதே, அது வேற என்னமோ."

வர்த்தமான் குனிந்து இந்திராணி அம்மாவின் துணியை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். இரண்டு மடிப்புக்கும் நடுவில், டீசலே படாத மூலையிலும், அதே மின்னல். ஒரு பொடியை விரலில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாலா, இது என் கல்யாண வேட்டிதான?"

நான் உறைகளை எண் வரிசையில் அடுக்க ஆரம்பித்தேன்.

"கரைய வெட்டினியே, அந்த சரிகை! உதுந்து துணியெல்லாம் ஒட்டிக்கினு இருக்குது." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, இருவத்திரெண்டு வருஷம் ஆயும் மின்னுது. அசல் வெள்ளின்னு அன்னிக்கே சொன்னேன், உங்க மாமாதான் நம்பல."

அந்தோணி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் லோடு வண்டிக்குப் பின்னால் போய்விட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லித்தருவது ஒன்றுதான்: சோதிக்கிற கருவியை முதலில் சோதி. பாகத்தை வைப்பதற்கு முன்னால் கருவியை வெறுமனே ஓட்டிப் பார். பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெறும் துணியை ஒரு முறை வெயிலில் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. வடிகட்டுகிற துணி தப்புச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் ஒரு நல்ல மனுஷியை, அவர் தெருவில், அவர் ஜனங்கள் முன்னால், ஏமாற்றுக்காரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அர்ஹந்துக்குத் தன் வண்டியில் இரும்புத்தூள் இருப்பது தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போன் பண்ணிச் சொன்னேன். "அப்பிடியா அண்ணி?" என்று ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டான்.

*

வீட்டுக்குப் போய் அரிசி களைந்து வைத்தேன். கை வேலையில் இருந்ததே ஒழிய மனசு அந்தத் தார்ப்பாயிலேயே இருந்தது. நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் புடவை மாற்றினேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் வர்த்தமான்.

"தென்னேரிக்கு."

"சாப்ட்டுட்டுப் போ. வரதுக்குள்ள இருட்டிடும்."

"இருட்டட்டும். இன்னிக்கு நான் பட்டினி கெடக்கறதுதான் சரி."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நம்ம ஆளு, ஊர் சிரிக்கும் என்றெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால். இந்திராணி அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

நான் மூன்று துணிகளையும் எடுத்து நடந்ததைச் சொன்னேன். வேட்டி, சரிகை, காந்தம் எல்லாம். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்கிட்ட சொல்றீங்க, சரி. காலைல நீங்க என்கிட்ட மட்டும் சொல்லலியேம்மா" என்றார்.

நியாயம்தானே! திரும்பினேன். குழாயடியில் இப்போதும் பெண்கள் இருந்தார்கள். காலையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். தெரு நடுவில் போய் நின்றேன்.

"காலைல இவங்க வண்டியில கோளாறுன்னு சொன்னேன். வண்டியில ஒண்ணும் இல்ல. கோளாறு நான் கொண்டாந்த துணியில. ஏமாத்தறாங்கன்னு சொன்னது பெரிய தப்பு. தப்பு என்னுது." காலையில் கத்திய அதே குரலில் சொன்னேன். கம்பெனியில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல், ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆட்டுக்காரர், "நாங்க அப்பவே நம்பலம்மா" என்றார். குழாயடியில் ஒருத்தி சிரித்தாள்.

திரும்பி வந்தபோது இந்திராணி அம்மா எழுந்து நின்று ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் பனைமரங்களுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் இருந்தது.

"நீங்க நயினார் ஊடா?" என்றார். எங்கள் பக்கத்துச் சமணர்களை நயினார் என்றுதான் சொல்வார்கள்.

"ஆமாங்க."

"விரதம் இருக்கறவங்களா?"

"ஆமாம்."

"சாப்டீங்களா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எங்கம்மா ஒங்க ஆளுங்க நெலத்துலதான் நாத்து நட்டுக்கினு இருந்தாங்க. அய்யா ஊட்டு அடுப்பு அணைஞ்சா பொழுது போச்சுன்னு அர்த்தம், கரை ஏறலாம்னு சொல்லுவாங்க" என்றார். "உள்ள வாங்க. நேரம் இல்ல."

வர்த்தமான் என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் நாற்று நட வந்தவர்களின் தெருவில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. விரதத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எங்களுக்கும் அது தெரியும், இருந்தும் குடித்ததில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

மதியம் வடித்த சோறு, வீட்டில் தோய்த்த தயிர், வாழைக்காய் வறுவல். "வெங்காயம் போடல" என்று அவராகவே சொன்னார். உட்கார்ந்து சாப்பிட்டேன். ஓடுகிற பஸ் இல்லை, குமட்டல் இல்லை. பசி என்றால் அப்படி ஒரு பசி.

தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார். கை டம்ளரைத் தொட்டுவிட்டு நின்றுவிட்டது. சின்ன வயதுப் பழக்கம், நான் வேண்டுமென்று செய்யவில்லை. காலையில் அவ்வளவு பேசிவிட்டு, இப்போது இவர் தண்ணீருக்கும் துணி கேட்பதா? கேட்காமல் எடுத்துக் குடித்துவிடலாம் என்று டம்ளரைத் தூக்கப் போனேன்.

"இருங்க" என்றார் இந்திராணி அம்மா.

அலமாரியைத் திறந்து, பிரிக்காத காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். காயத்துக்குக் கட்டுப் போடுகிற வெள்ளைத் துணி. பிரித்து, நாலாக மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்குக் காட்டினார். பிறகு சொம்பின் வாயில் கட்டித் தண்ணீரை ஊற்றினார்.

"ஆஸ்பத்திரித் துணிம்மா. இதுல சரிகை கெடையாது. குடிங்க."

முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கண்ணில் இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து புரை ஏறியது. அவர் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார், குழந்தைக்குத் தட்டுவதுபோல. முழுச் சொம்பையும் குடித்தேன். கை கழுவ வாசலுக்கு வந்தபோது சூரியனின் கடைசி விளிம்பு ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வெலை காலைல சொன்னதுதான்" என்றார், சாவியையும் அட்டையையும் நீட்டி. "ஒரு ரூவா கொறைக்க மாட்டேன். பணம் நாளைக்கு வரட்டும்."

"நான் கேட்டா செருப்பால அடிங்க" என்றேன்.

"அட்டையில தேதி தவறக் கூடாது. மாசம் ஒரு தடவ கொண்டாந்து காட்டணும்."

"சரிங்கக்கா" என்றேன்.

தார்ப்பாயை அவரும் நானும் சேர்ந்து மடித்தோம். வர்த்தமான் ஸ்கூட்டரில் முன்னால் போனார். சாவியைத் திருப்பினேன், ஒரே திருப்பில் கிளம்பியது. விளக்கைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை ரோட்டில் ஏறினேன். நன்றாக இருட்டிவிட்டது. எனக்குப் பசிக்கவில்லை.